சேர்த்து வைப்பது காவல்துறையின் கடமையன்று

மனைவியை அடிக்கும் கணவன்மீது புகார் வந்தால் காவல் நிலையம் அதை எவ்வாறு கையாள வேண்டும் என்பதில், தமிழ்நாட்டில் காவல் அதிகாரிகள், ஊர்ப் பெரியவர்கள், செய்தித்தாள்கள், புகார் கொடுத்த பெண்ணின் பெற்றோர் ஆகிய எல்லோரிடமும் வியக்கத்தக்க ஒற்றுமை நிலவுகிறது. இருவரையும் வரவழைத்து எதிரெதிரே உட்காரவைத்து, கணவனைக் கண்டித்து, மனைவிக்குப் பொறுமையை எடுத்துச் சொல்லி, இனி இவ்வாறு நடக்காது என்று எழுதி வாங்கிக்கொண்டு, சேர்ந்து வாழ அனுப்பிவைப்பதே நல்ல காவல் பணி என்று இவர்கள் கருதுகின்றனர். வழக்குப் பதிவு செய்வது குடும்பத்தைக் குலைக்கும் செயல் என்பதும், வேறு வழியே இல்லாதபோது மட்டும் கையிலெடுக்க வேண்டிய கருவி என்பதும் இக்கருத்தின் மறுபாதி. இது நல்லெண்ணத்தில் பிறந்த கருத்துதான். ஆயினும் இது சட்டம் காவல்துறைக்கு வகுத்துள்ள கடமையோடு பொருந்தாதது என்பதையும், வன்முறையின் இயல்பைப் பிழையாகப் புரிந்துகொண்டது என்பதையும், பல நேரங்களில் பெண்ணின் உயிருக்கே ஊறு விளைப்பது என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். மீஞ்சூரை அடுத்துப் பழவேற்காடு ஏரிக்கரை வரை பரந்துள்ள மீனவக் குப்பங்கள் இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. ஏனெனில் காவல் நிலையத்தின் சமரசத்துக்கு முன்பாக ஊர்ப் பஞ்சாயத்தின் சமரசமும் நிற்கும் இப்பகுதியில்தான் இக்கருத்தின் வலிமையும் குறையும் ஒருங்கே தெரிகின்றன.

முதலில் இக்கருத்து வேரூன்றிய வரலாற்றைக் காண வேண்டும். தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1973இல். அதே ஆண்டு கேரளத்தின் கோழிக்கோட்டில் நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம், அதாவது ஆய்வாளர் முதல் காவலர் வரை எல்லோரும் பெண்களாகவே உள்ள நிலையம், தொடங்கப்பட்டு, இன்று 200க்கும் மேற்பட்ட நிலையங்களாக மாநிலமெங்கும் விரிந்துள்ளது. மேற்சொன்ன குப்பங்களுக்கு அண்மையில் பொன்னேரியில் உள்ள மகளிர் காவல் நிலையமும் அவற்றுள் ஒன்று. காவல் நிலைய வாசலை மிதிக்கவே அஞ்சிய பெண்கள் தம் துயரை இன்னொரு பெண்ணிடம் தயக்கமின்றிச் சொல்ல இந்நிலையங்கள் வழி திறந்தன என்பதை மறுப்பதற்கில்லை. தமிழ்நாட்டுப் பெண் காவலர்களை நெடுங்காலம் ஆராய்ந்த குற்றவியல் அறிஞர் மங்கை நடராஜன் இந்நிலையங்களைப் பிணக்குத் தீர்க்கும் அமைப்பாகவே வைத்து ஆராய்ந்திருப்பது, அவை தொடக்கம் முதலே எத்திசையில் நடந்துவந்தன என்பதைக் காட்டுகிறது.

அந்த நடைமுறை மாநிலம் முழுவதும் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் அமைந்துள்ளது. பெண் மனு கொடுக்கிறாள். அது முதல் தகவல் அறிக்கையாக, அதாவது குற்ற வழக்கின் தொடக்க ஆவணமாக, உடனே பதிவாவதில்லை. அதற்குப் பதிலாக மக்கள் ‘சி.எஸ்.ஆர்.’ என்று சொல்லும் சமுதாய சேவைப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு, மனு ரசீது ஒன்று கொடுக்கப்படுகிறது. பின்னர் எதிர்மனுதாரர் என்ற பெயரில் கணவன் வரவழைக்கப்படுகிறான், இரு தரப்புப் பெரியவர்களும் வருகின்றனர், பேச்சு நடக்கிறது, இருவரிடமும் எழுதி வாங்கப்படுகிறது, மனு முடித்துவைக்கப்படுகிறது. இவ்வாறு முடிக்கப்பட்ட மனுக்களும், சேர்த்து வைக்கப்பட்ட தம்பதியரும் நிலையத்தின் சாதனையாகக் கணக்கில் ஏறுகின்றனர்.

இந்த நடைமுறையின் முதற்பிழை, வன்முறையைப் பிணக்காகக் கொள்வது. பிணக்கு என்பது ஏறத்தாழச் சம வலிமையுள்ள இருவரிடையே எழுவது. இருவரும் சிறிது விட்டுக்கொடுத்தால் தீர்வது. குடும்ப வன்முறையோ ஒருவர் மற்றவரை அடியாலும், மிரட்டலாலும், கைச்செலவுப் பணத்தை மறுப்பதாலும், தாய்வீட்டோடு பேசவிடாமல் தடுப்பதாலும் தம் விருப்பத்துக்கு அடக்கி வைக்கும் தொடர்ச்சியான நடத்தை. இதில் அடி வாங்குபவர் விட்டுக்கொடுப்பதற்கு ஏதுமில்லை. அடிப்பவர் விட வேண்டியது அடிப்பதை மட்டுமே. இருவரையும் ஒரே மேசையின் முன் உட்காரவைத்து ‘உன் பக்கம் என்ன தப்பு?’ என்று மனைவியிடமும் கேட்கும்போது, அடிக்கு ஏதோ ஒரு நியாயமான காரணம் இருக்கக்கூடும் என்பதைக் காவல் நிலையமே ஒப்புக்கொண்டதாகிறது. இரவு வீடு திரும்பியதும் தன்னை அடிக்கக்கூடியவன் அருகில் அமர்ந்திருக்கும்போது ஒரு பெண் முழு உண்மையைப் பேசுவாள் என்று எதிர்பார்ப்பதும் அந்த மேசையின் இயல்பான குறை.

சட்டம் இதை நன்கு உணர்ந்தே எழுதப்பட்டுள்ளது. 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், ஆற்றுப்படுத்தலுக்கு, அதாவது நாம் ‘கவுன்சிலிங்’ என்று வழங்கும் பேச்சுக்கு, இடம் தருகிறது. ஆனால் அதற்கு ஆணையிடும் அதிகாரத்தை 14ஆம் பிரிவு நீதித்துறை நடுவரிடம் அளிக்கிறது. இச்சட்டத்தின்கீழ் 2006இல் வகுக்கப்பட்ட விதிகள், ஆற்றுப்படுத்தலின்போது வன்முறைக்கு எவ்வகையான எதிர்நியாயத்தையும் கணவன் முன்வைக்க அனுமதிக்கக் கூடாது என்றும், இனி வன்முறையில் ஈடுபடமாட்டேன் என்று அவன் உறுதியளிக்க வேண்டும் என்றும், அப்பெண் விரும்பினால் மட்டுமே உடன்பாட்டு முயற்சியில் இறங்க வேண்டும் என்றும் தெளிவாகக் கூறுகின்றன. நடுவரின் மேற்பார்வையில், பயிற்சி பெற்றவர் நடத்தும் பேச்சுக்கே இத்தனை காப்புகள் தேவை என்று சட்டம் கருதியிருக்க, இவற்றுள் ஒன்றும் இல்லாத காவல் நிலையப் பேச்சைச் சிறந்த வழி என்று போற்றுவது பொருந்தாது.

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. குடும்ப வன்முறையின் தீவிரம் ஒரு தனி நிகழ்வில் தெரிவதில்லை. எத்தனை முறை, எவ்வளவு காலமாக, எவ்வாறு கூடிக்கொண்டே வந்தது என்னும் தொடர்ச்சியில்தான் தெரிகிறது. மனுவை முடித்துவைக்கும் நடைமுறை இத்தொடர்ச்சியைத் துண்டுதுண்டாக வெட்டிவிடுகிறது. தை மாதத்தில் வந்த மனு சமரசத்தில் முடிந்தது. ஆடியில் வந்தது புதிய மனு. அடுத்த ஆண்டு வந்தது இன்னொரு புதிய மனு. ஒவ்வொன்றும் முடிந்துபோன கணக்காக நிற்பதால், மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கியிருக்கக்கூடிய ஆபத்து எவர் கண்ணிலும் படுவதில்லை. அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று, கணவனால் ஒருமுறையேனும் கழுத்து நெரிக்கப்பட்டு உயிர்தப்பிய பெண் பின்னர் அவனாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் கூடுவதாக 2008இல் கண்டறிந்தது. கழுத்தை நெரித்தானா, கொன்றுவிடுவேன் என்றானா, கருவுற்றிருந்தபோது அடித்தானா, அவள் பிரிந்துபோக முயன்றபோது அடி கூடியதா என்ற கேள்விகள் உயிரைக் காக்கும் கேள்விகள். பிரிட்டனில் 2003இல் கார்டிஃப் நகரில் தொடங்கிய நடைமுறையில், மிகுந்த ஆபத்திலுள்ள பெண்களைப் பற்றிக் காவல்துறை, மருத்துவமனை, சமூகநலத் துறை ஆகியவற்றின் அலுவலர்கள் ஒன்றுகூடி ஆய்ந்து பாதுகாப்புத் திட்டம் வகுக்கின்றனர். சமரச மேசையில் இக்கேள்விகளுக்கு இடமில்லை. ஏனெனில் அங்கே எல்லோரும் தேடுவது ஆபத்தின் அளவையன்று, உடன்பாட்டின் வாசகத்தை.

இவ்விடத்தில் மறுதரப்பின் மிக வலிய வாதம் எழுகிறது. பெண்களே வழக்கு வேண்டாம் என்கிறார்கள். ‘கேஸ் எல்லாம் வேண்டாம், கூப்பிட்டு நாலு வார்த்தை கண்டிச்சா போதும்’ என்று அவர்களே கேட்கும்போது காவல்துறை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக எப்படி நடக்க முடியும் என்பது அவ்வாதம். இது உண்மையான கூற்று. மகளிர் காவல் நிலையங்களில் பணியாற்றியவர்கள் அனைவரும் இதைக் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் முன் வைக்கப்படும் தேர்வுகள் எத்தனை என்பதைப் பார்க்க வேண்டும். ஒன்று, கணவனைச் சிறைக்கு அனுப்பக்கூடிய குற்ற வழக்கு. 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498ஏ பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவும் மனைவிக்குக் கொடுமை இழைத்தலுக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கின்றன. மற்றொன்று சமரசம். இவ்விரண்டை மட்டும் காட்டினால், பிள்ளைகளையும் வாடகையையும் கடனையும் எண்ணிப் பார்க்கும் எந்தப் பெண்ணும் சமரசத்தையே தேர்வாள். அது அவளுடைய விருப்பம் என்று சொல்வதைவிட, அவளுக்குக் காட்டப்பட்டவற்றுள் அச்சம் குறைந்தது என்று சொல்வதே நேர்மை.

சொல்லப்படாமல் விடப்படும் மூன்றாவது வழி 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. இச்சட்டம் கணவனைச் சிறைக்கு அனுப்புவதை முதல் நோக்கமாகக் கொள்ளவில்லை. வன்முறையை நிறுத்தச் சொல்லும் பாதுகாப்பு ஆணை, வீட்டைவிட்டு அவளை வெளியேற்றக் கூடாது என்னும் வசிப்பிட ஆணை, செலவுக்கும் மருத்துவத்துக்கும் பணம் பெறும் ஆணை, குழந்தைகளைத் தற்காலிகமாக அவள் பொறுப்பில் விடும் ஆணை, இழப்பீட்டு ஆணை ஆகியவற்றை நடுவர் பிறப்பிக்கலாம். அவசரமெனில் எதிர்த்தரப்பைக் கேட்பதற்கு முன்பே இடைக்கால ஆணை வழங்கலாம். அவள் பிரிந்து வாழ வேண்டும் என்றோ, மணமுறிவு கோர வேண்டும் என்றோ இச்சட்டம் கேட்பதில்லை. அதே வீட்டில், அதே கணவனோடு, அடி வாங்காமல் வாழும் உரிமையை அது அளிக்கிறது. ‘அவர் எனக்கு வேண்டும், அடி வேண்டாம்’ என்று சொல்லும் பெண்ணின் விருப்பத்துக்கு மிக நெருங்கி நிற்பது இந்தச் சட்டமே.

இதற்கும் காவல் நிலையத்தில் எழுதி வாங்கும் தாளுக்கும் உள்ள வேறுபாடு, மீறினால் என்ன ஆகும் என்பதில்தான் இருக்கிறது. எழுதிக் கொடுத்த வாக்கை மீறியது மட்டுமே எந்தச் சட்டத்தின்கீழும் தனிக் குற்றமாவதில்லை. அவள் மீண்டும் வந்து மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நடுவரின் பாதுகாப்பு ஆணையை மீறினால், 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படும் என்பதோடு, அது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, எளிதில் பிணை கிடைக்காத குற்றமாகவும் ஆகிறது. கண்டித்து அனுப்பும்படி கேட்கும் பெண்ணுக்கு வேண்டியது கணவனைத் தடுக்கும் ஓர் அதிகாரமே என்றால், அந்த அதிகாரம் முழுமையாக இருப்பது ஆணையில். புகார் பெறும் காவல் அதிகாரி இவற்றை அவளுக்குச் சொல்வது விருப்பப்பட்டுச் செய்யும் உதவியன்று. ஆணைகள் கோரும் உரிமை, பாதுகாப்பு அலுவலர் என்னும் அரசு அலுவலரின் சேவை, பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களின் சேவை, இலவச சட்ட உதவி, 498ஏ (இன்று 85ஆம்) பிரிவின்கீழ்ப் புகாரளிக்கும் உரிமை ஆகிய ஐந்தையும் அவளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 5ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. இந்த ஐந்தையும் கேட்டறிந்த பிறகும் ஒரு பெண் கண்டிப்பே போதும் என்றால் அது அவள் விருப்பம். கேட்காமல் சொன்னால் அதை விருப்பம் என்று கணக்கில் எழுதுவது முறையன்று.

அடுத்த வாதம் ஊரைப் பற்றியது. காவல் நிலையத்தைவிட ஊர்ப் பஞ்சாயத்து பக்கத்தில் உள்ளது, கணவனின் குணம் ஊருக்குத் தெரியும், ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அவன் அஞ்சுவான், ஆகவே மீனவக் குப்பங்களில் காவல்துறை ஊரோடு இணைந்து முடிப்பதே நல்லது என்று சொல்லப்படுகிறது. பழவேற்காட்டு ஊர்ப் பஞ்சாயத்துகளின் திறமையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள், ஏரியில் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ முறையைப் பல தலைமுறைகளாகக் காத்துவருவது, பொதுவளத்தை மக்களே ஆளும் வழக்கத்துக்கு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் சான்றாக உள்ளது. ஆனால் பாட்டை நேர்மையாகப் பங்கிடும் அதே அமைப்பு பெண்ணின் புகாரையும் நேர்மையாகத் தீர்க்கும் என்பது பெறப்படாது. ஊர்ப் பஞ்சாயத்து ஊரை எண்ணுவது ‘தலைக்கட்டு’ கணக்கில். அதாவது மணமான ஆணைத் தலைவனாகக் கொண்ட குடும்பத்தை ஓர் அலகாக வைத்து வரி விதித்து உரிமை வழங்குகிறது. ஊர்க் கூட்டத்தில் தனக்கென இடமில்லாத பெண், தன்னை அடித்த தலைக்கட்டுக்கு எதிராக, அவனோடு ஒரே படகில் கடலுக்குப் போகும் ஆண்களிடம் நியாயம் கேட்க வேண்டியுள்ளது. அவர்கள் அபராதம் விதித்தால் அது ஊர்ப் பொதுப்பணத்தில் சேர்வதே வழக்கம் என்பதால், அடி வாங்கியவளுக்கு ஈடு கிடைக்காததோடு, அவள் வீட்டு அரிசிக்கான பணமே குறைகிறது. வலுவான ஊர்ப் பஞ்சாயத்து இல்லாத, ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் குடும்பத்துப் பெண்களுக்கோ, ஊர் பார்த்துக்கொள்ளும் என்னும் வாதத்தில் இடமே இல்லை. காவல் நிலையம் ஊரைவிட வேறுபட்ட முறையில் கேட்டால் மட்டுமே ஊரைத் தாண்டி அங்கே வந்த பெண்ணின் துணிவுக்குப் பொருள் உண்டு. அங்கேயும் அதே பேச்சு, அதே பெரியவர்கள், அதே எழுதி வாங்கல் என்றால், ஊரை மீறினாள் என்ற பழி மட்டுமே அவளுக்கு மிஞ்சும்.

சம்பாதிக்கும் ஆண் சிறைக்குப் போனால் அடுப்பு எரியாது என்பது மூன்றாவது வாதம். ஒருநாள் கடலுக்குப் போகாவிட்டாலும் அன்றைய வருமானம் நின்றுபோகும் குடும்பங்களில் இவ்வச்சம் வெறும் கற்பனையன்று. ஆயினும் வழக்குப் பதிவும் கைதும் ஒன்றே என்ற எண்ணம் சட்டத்தில் இன்று நிலைக்காது. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் தேவையின் காரணத்தை எழுதாமல் கைது செய்யக் கூடாது என்றும், அழைப்பாணை அனுப்பி விசாரிக்கலாம் என்றும் வகுத்துவிட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆணைகளுக்கோ கைதே தேவையில்லை; மாறாக, பணம் வழங்கும் ஆணை அடுப்பு எரிவதையே உறுதிசெய்கிறது. மேலும் இக்குப்பங்களில் ஆணே சம்பாதிப்பவன் என்னும் எடுகோளும் முழு உண்மையன்று. மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் சுமந்து, பேருந்திலும் மீஞ்சூர் வழியோடும் மின்தொடர் வண்டியிலும் கொண்டுபோய் விற்று, குழுக் கடனையும் தண்டலையும் அடைப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. அடிபட்டுக் கிடக்கும் நாட்களில் நின்றுபோகும் அவர்களுடைய வருமானத்தை இந்த வாதம் கணக்கில் எடுப்பதே இல்லை.

நான்காவதும், நீதிமன்றங்கள் வரை செல்வாக்குப் பெற்றதுமான வாதம், சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்பது. 2005இல் 498ஏ பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தபோதே உச்ச நீதிமன்றம் அதன் தவறான பயன்பாட்டைச் சட்டப் பயங்கரவாதம் என்று வருணித்தது. 2017இல் புகார்களை முதலில் குடும்பநலக் குழுக்களுக்கு அனுப்ப வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. 2018இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அக்குழுக்களை நீக்கியது. 2025 ஜூலையில், முதல் தகவல் அறிக்கைக்குப் பின் இரண்டு மாத காலம் காத்திருந்து குடும்பநலக் குழுவுக்கு அனுப்பும் அலகாபாத் உயர் நீதிமன்ற நெறிமுறைகளுக்கு மீண்டும் இசைவளித்தது. பொய்ப் புகார்கள் இல்லவே இல்லை என்று எவரும் வாதிட முடியாது. பொய்ப் புகாரால் முதிய பெற்றோர் அலைக்கழிக்கப்படுவதும் அநீதியே. ஆனால் தண்டனை பெறும் வழக்குகள் குறைவு என்பதைப் பொய்ப் புகாருக்குச் சான்றாகக் காட்டுவது பிழை. இடையில் சமரசமாகி உயர் நீதிமன்றத்தால் முடித்துவைக்கப்பட்ட வழக்கும், ஊர் அழுத்தத்தால் சாட்சிகள் பிறழ்ந்த வழக்கும் தண்டனையின்றியே முடிகின்றன. சமரசத்தை வற்புறுத்திவிட்டு, சமரசத்தால் தண்டனை குறைந்ததைக் காட்டி, புகாரே பொய் என்று முடிவுகட்டுவது வட்டமடிக்கும் வாதம்.

புகார்கள் மிகுந்துவிட்டன என்னும் கவலைக்கு முன்பாக வைக்க வேண்டிய எண்கள் வேறு. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் நாடு முழுவதும் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் மாநிலம் இதில் நாட்டின் சராசரியைவிட மோசமாக நிற்கிறது. அதே ஆய்வின்படி, உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களில் எவரிடமேனும் உதவி தேடியவர்கள் நாடு முழுவதும் 14 சதவீதமே. அவர்களும் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தாரிடமே தேடினர். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் உதவி தேடாத ஒரு கொடுமையில், வாய்திறந்து காவல் நிலையம் வரை வந்த சிலரை ஐயத்தோடு எதிர்கொள்வது கொள்கையாக இருக்க முடியாது.

சமரசம் செய்வதுதான் பெண்களைக் காவல் நிலையத்துக்கு வரவழைக்கிறது, பதிவு செய்யத் தொடங்கினால் வரமாட்டார்கள் என்போர்க்கு அண்மை ஆய்வுகள் பதில் தருகின்றன. 2015இல் ஹரியாணாவில் மகளிர் காவல் நிலையங்கள் திறக்கப்பட்டதன் விளைவை ஆராய்ந்த நிர்விகார் ஜஸ்ஸால், பதிவான குற்றங்கள் கூடவில்லை என்றும், சாதாரணக் காவல் நிலையங்கள் பெண்களின் புகார்களைத் தட்டிக்கழித்து அங்கே அனுப்ப அவை காரணமாயின என்றும், அதனால் பெண்களின் அலைச்சல் கூடியது என்றும், அங்கே நடந்த ஆற்றுப்படுத்தல் சேர்த்து வைப்பதையே நாடியது என்றும் 2020இல் எழுதினார். இதற்கு மாறாக, மத்தியப் பிரதேசத்தில் 180 சாதாரணக் காவல் நிலையங்களை எடுத்துக்கொண்டு நடந்து 2022இல் வெளியான ஆய்வு, அந்நிலையங்களுக்குள்ளேயே பெண்களுக்கென உதவி மேசை அமைத்து, பயிற்சியும் தெளிவான நடைமுறையும் கொடுத்தபோது குடும்ப வன்முறை அறிக்கைகளும் முதல் தகவல் அறிக்கைகளும் கூடியதையும், முதல் தகவல் அறிக்கைகளின் உயர்வு பெண் அதிகாரிகள் பொறுப்பிலிருந்த மேசைகளிலிருந்தே வந்ததையும் காட்டியது. பெண் அதிகாரி தேவை. ஆனால் அவர் கையில் பதிவு செய்யும் கடமையும் அதற்கான நடைமுறையும் இருக்க வேண்டும் என்பதே இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம். பழவேற்காட்டுப் பெண் திருப்பாலைவனம் காவல் நிலையத்திலும், மீஞ்சூர்ப் பெண் மீஞ்சூர்க் காவல் நிலையத்திலும் தன் புகாரைப் பதிவு செய்ய முடிய வேண்டும். பொன்னேரிக்குப் போ என்று சொல்வது, ஒருநாள் வியாபாரத்தையும் பேருந்துச் செலவையும் புகாரின் விலையாக வைப்பதாகும்.

உலக அனுபவமும் இதே திசையையே காட்டுகிறது. 1985இல் சாவோ பாவுலோவில் மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கிய பிரேசில், 1995க்குப் பின் இவ்வழக்குகளைச் சிறுகுற்ற நீதிமன்றங்களின் சமரசத்துக்கு விட்டது. மனைவியை அடித்தவர்கள் உணவுப்பொருள் கூடையொன்றை நன்கொடையாகக் கொடுத்து வெளியேறிய கொடுமையைக் கண்டு, 2006இல் மரியா த பென்ஹா சட்டத்தின் மூலம் அம்முறையைத் தடை செய்தது. 2011இல் ஐரோப்பிய நாடுகள் இஸ்தான்புல்லில் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் 48ஆம் பிரிவு, பெண்களுக்கெதிரான வன்முறையில் கட்டாயச் சமரசத்தை விலக்கச் சொல்கிறது. சமரசத்தை முயன்று பார்த்த நாடுகளே அதைக் கைவிட்டுள்ளன.

காவல்துறைக்கு வேலைப்பளு அதிகம், ஆள் குறைவு என்பது கடைசியாக வைக்கப்படும் வாதம். வேலைப்பளு உண்மை. ஆனால் ஒரே தம்பதியரை ஆண்டில் மூன்று முறை வரவழைத்து ஒவ்வொரு முறையும் அரைநாள் பேசுவதும் வேலைதான். அது பயன் தராத வேலை. செய்ய வேண்டியவை பெரும்பாலும் ஏற்கெனவே சட்டத்தில் உள்ளவை. கைதுக்குரிய குற்றம் புகாரில் தெரிந்தால் பதிவு கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. குடும்பப் புகார்களில் அது அனுமதித்த முதற்கட்ட விசாரணை, குற்றம் புகாரில் தெரிகிறதா என்று பார்க்க மட்டுமே. புகார் மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிக்கவோ சமரசம் பேசவோ அன்று. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனைக்குரிய குற்றங்களில், இன்றைய நடைமுறைச் சட்டம் அவ்விசாரணைக்குத் துணைக் கண்காணிப்பாளரின் இசைவையும் 14 நாள் எல்லையையும் வைத்துள்ளது. தாய்வீட்டில் தஞ்சமடைந்த ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019இல் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டதால், காவல் நிலைய எல்லையைக் காட்டி அலைக்கழிக்கவும் இடமில்லை.

இவற்றோடு உள்ளூர் அளவில் சில ஏற்பாடுகள் சேர வேண்டும். ஒவ்வொரு மனுவும் அப்பெண்ணின் முந்தைய மனுக்களோடு இணைத்துப் பதிவாக வேண்டும். ஆபத்தை அளக்கும் கேள்விகள் அவளைத் தனியே வைத்துக் கேட்கப்பட்டு விடைகள் எழுதப்பட வேண்டும். நடுவரிடம் செல்லும் குடும்ப நிகழ்வு அறிக்கை, அதாவது நடந்த வன்முறையையும் அவள் கோரும் பாதுகாப்பையும் பதிவு செய்யும் படிவம், அவள் விரும்பினால் உடனே தயாரிக்கப்பட வேண்டும். அதற்கு மாவட்டத் தலைநகர் வரை அலைய நேராதபடி, வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்கும்படி 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை பொன்னேரி வட்டத்தில் செயல்வடிவம் பெற வேண்டும். வருமானம் பாராமல் எல்லாப் பெண்களுக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் தரும் இலவச வழக்கறிஞரும், 181 என்னும் உதவி எண்ணும், தங்க இடமும் மருத்துவமும் ஒரே கூரையின்கீழ்த் தரும் ஒருங்கிணைந்த சேவை மையமும் அவளுக்குப் பெயரளவில் சொல்லப்படாமல், காவலர் ஒருவரே தொடர்புகொண்டு அவளை அவற்றோடு இணைத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்த்து வைக்கப்பட்ட தம்பதியரின் எண்ணிக்கை நிலையத்தின் சாதனைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, புகார் கொடுத்த பெண்ணை மூன்று மாதம் கழித்துத் தொடர்புகொண்டபோது அவள் பாதுகாப்பாக இருந்தாளா என்பது அதன் இடத்தில் வைக்கப்பட வேண்டும். எதை அளக்கிறோமோ அதையே அதிகாரிகள் செய்வார்கள். சேர்த்து வைத்ததை அளந்தவரை சேர்த்து வைத்தார்கள், பாதுகாப்பை அளந்தால் பாதுகாப்பார்கள்.

குடும்பம் நிலைக்க வேண்டும் என்னும் விழைவில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் குடும்பத்தைக் குலைப்பது வன்முறையே. அதைப் பதிவு செய்யும் முதல் தகவல் அறிக்கை குலைவைக் கண்டுரைக்கும் ஆவணம் மட்டுமே. கணவனோடு சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பதை முடிவுசெய்ய வேண்டியவள் அப்பெண். அம்முடிவை அச்சமின்றி எடுக்கும் நிலையை அவளுக்கு உறுதிசெய்வதே அரசின் கடமை. அக்கடமையை நிறைவேற்றாத காவல் நிலையம், எத்தனை தம்பதியரைச் சேர்த்து அனுப்பியிருந்தாலும், தன் பணியை இன்னும் தொடங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.